நிற்காத புரோகிராம்

சண்டைக்காலத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் கணினிகள் ஜெனரேட்டரில்தான் ஓடின, அதுவும் பகலில் இரண்டே மணித்தியாலம். செட்டிபாளையம் என்ற ஊரிலிருந்து வரும் ஒரு முதலாம் வருடப் பிள்ளைக்கு அதுவும் வாய்க்காது. இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி ஏற்றி அவளுடைய பஸ் வந்து சேரும்போது ஜெனரேட்டரை நிறுத்தியிருப்பார்கள். மெசினைத் தொடாதவள் என்ன செய்வாள்? புரோகிராம்களைத் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினாள். முதல் பரீட்சையில் படுதோல்வி. மறுபரீட்சையிலும் தவறினால் படிப்பை விட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

நான் அங்கே செய்முறை வகுப்பு எடுத்த உதவி விரிவுரையாளர். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். பாடமாக்குகிறவர்களைக் கண்டால் சொல்லவே வேண்டாம்.

"அந்தக் கொப்பியை மூடுகா!" என்று அவளைப் பார்த்துக் கத்திவிட்டு, சீமெந்துத் தரையில் சோக்கட்டியால் இரண்டு பெட்டிகள் கீறினேன். ஒன்றில் எண்ணிக்கை, மற்றதில் கூட்டுத்தொகை.

"நீதான் மெசின். நான் வாசிக்கிற வரியை மட்டும் செய். உன்ட மூளையைப் பாவிக்காத."

"அந்த வேலைக்கு நான் சரியான ஆள்தான் மிஸ்," என்றாள் வாயாடி.

நான் வரிவரியாக வாசிக்க, அவள் உள்ளங்கையால் பழைய இலக்கத்தை அழித்துப் புதியதை எழுதினாள். நான் வாசிக்காத வரியையும் தானாகச் செய்வாள். "நான் சொன்னனா?" என்று பாய்வேன். மூன்று கிழமையில் அந்தப் பழக்கம் போனது.

மறுபரீட்சையில் எல்லாருக்கும் பாடமான கேள்வி வந்தது. ஒன்றிலிருந்து பத்துவரை கூட்டும் புரோகிராம், விடை என்ன? மற்ற எல்லாரும் ஐம்பத்தைந்து என்று எழுதினார்கள். இவள் மட்டும், "விடை வராது. எண்ணிக்கை ஒன்றிலேயே இருக்கிறது. இந்தப் புரோகிராம் நிற்காது" என்று எழுதியிருந்தாள். விரிவுரையாளர் பெரிய முட்டை போட்டிருந்தார். அந்த முட்டையால் அவள் பெயில்.

வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். வினாத்தாளை ஸ்டென்சிலில் தட்டச்சு செய்தவர், எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கூட்டும் வரியை விட்டுவிட்டார்! தாளோடு விரிவுரையாளரிடம் ஓடினேன்.

"சேர், இதில உள்ளபடியே மெசினில அடிச்சுப் பாருங்க."

அடித்து ஓடவிட்டார். திரையில் ஒன்றுமில்லை.

"மெசின் பழசு. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தோம். தேத்தண்ணி வந்தது, குடித்து முடித்தோம். திரை அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மறுகா, சேர்?" என்று, அடுத்து என்ன என்பதுபோல் கேட்டேன்.

அவர் பேனையை எடுத்து, முட்டையை வெட்டி, அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி போட்டார்.

அறிவித்தல் பலகையில் பெறுபேறு ஒட்டிய அன்று, "மிஸ், நான் வீட்ட போகத் தேவல்ல!" என்று விறாந்தை அதிரக் கத்தினாள். பக்கத்து அறையில் விரிவுரை நடந்துகொண்டிருந்தது. நடந்தால் நடக்கட்டும் என்று நானும் சேர்ந்து கத்தினேன்.