ஓடுதுன்னு சொன்ன எஞ்சின்

என் தங்கை யாரிடமும் எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை. ஆனாலும் பெண்களைக் கல்லாவில் மட்டுமே உட்காரவைத்த மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸ் பொருத்தும் உள்ளறை நாற்காலியைப் பிடித்தாள். இடது கண்ணில் பாதிப் பார்வைதான் என்று அவளை முதலில் திருப்பி அனுப்பிய முதலாளிதான் அதைக் கொடுத்தார். பொம்மை ரயில் சங்கத்தில் ஆண்கள் மட்டும் சூழ்ந்து நின்ற மேஜையருகே இடம் பிடித்தாள். கடைசியாக, ஒரு வெற்றுக்கூட்டை ஓடவைத்தாள். அதைத்தான் எழுத வந்தேன்.

வீட்டில் அவளைச் சிட்டு என்போம். அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, பேருந்து நடத்துநர். சங்கத்தில் உறுப்பினர் அவர்தான். மலை, பாலம், குகை எல்லாம் அட்டையிலேயே செய்துவிடுவார். எஞ்சின் நின்றுபோனால் மட்டும் சிட்டு கடைத் திருப்புளியோடு உட்காருவாள். எஞ்சினை ஓடவைத்தவர் அதன் அடியில் கையெழுத்தும் தேதியும் கீறவேண்டும் என்பது சங்கத்து வழக்கம். அவள் சரிசெய்த எல்லாவற்றிலும் அவர் கையெழுத்துத்தான் இருக்கும். "நீ போடேன்" என்பார். "எனக்கெதுக்குங்க அந்த வம்பு" என்று நகர்ந்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள், அவளுக்கென்று பழைய சாமான் கடையிலிருந்து ஒரு எஞ்சின் வாங்கிவந்தார். பெட்டி மேல் முழு எஞ்சின் படம். டேப் ஒட்டியிருந்ததால் கடையில் பிரித்துப் பார்க்கவில்லை. அவரைச் சேர்த்துவிட்டு வந்து சிட்டு பிரித்தாள். மேல்கூடு மட்டும் இருந்தது. சக்கரமும் மோட்டாரும் உள்ள அடிப்பாகம், அதாவது சேசிஸ், இல்லை. கவிழ்த்தால் சோப்புப் பெட்டி மாதிரி காலி.

மறுநாள் நானும் கட்டில் பக்கத்தில் இருந்தேன்.

"ஓட்டிப் பாத்தியா?" என்றார் மாப்பிள்ளை.

"பாத்தேங்க. ஓடுது."

"சத்தம் வருதா?"

"சத்தமே இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கங்க மச்சான். கண்ண மூடிக்கிட்டு எடுத்தாலும் நல்லதாத்தான் எடுப்பேன். உங்க தங்கச்சிய எடுக்கலையா?"

"அன்னிக்கு நீங்க கண்ண மூடல மாப்பிள்ளை. நான்தான் மூடிக்கிட்டேன்."

சிட்டு சிரித்தாள். அடுத்த வாரம் அவர் இறந்துபோனார்.

அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், அவர்கள் போனதும் மடக்கிவைத்தாள். வேலைக்குப் போனாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், கையைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கை யாருடையதோ போலக் கிடக்கும்.

ஒருநாள் என்னிடம், "அண்ணா, அவர்கிட்ட ஓடுதுன்னு சொல்லிட்டேன்" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. "அத ஓட வெக்கணும்."

முதலில் வாங்கிய சேசிஸ் தண்டவாளத்தில் சரியாக உட்கார்ந்தது. கூட்டை அதன் மேல் கவிழ்த்தபோது, சக்கரம் இருக்கவேண்டிய வளைவில் ஒரு சக்கரம்கூட வரவில்லை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு அளவு எஞ்சின்கள் ஓடும்; அது சின்ன அளவுக்கானது. இது அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மறந்திருந்தாள். பார்த்தாள், பெட்டியில் திரும்ப வைத்தாள்.

அடுத்து, இரண்டு கருவிழிகளின் இடைவெளியை அளக்கும் கடை ஸ்கேலை எடுத்துக்கொண்டாள். கூட்டின் வளைவுகளை நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தாள். லென்ஸ் துடைக்கும் துணியில் கூட்டைச் சுற்றிக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் போனோம். உடைந்த எஞ்சின்கள் கிடந்த கூடையைக் கடைக்காரர் முன்னால் தள்ளினார். அவள் ஒவ்வொன்றாக அளந்தாள். மேல்பக்கம் நொறுங்கிப்போன ஒன்றில் மூன்று வளைவிலும் சக்கரம் பொருந்தியது. ஆனால் மோட்டார் மேல் வைத்திருந்த எடைக்கட்டி கூரையில் முட்டியது. கூடு இரவல் தொப்பி மாதிரி எழும்பி நின்றது.

"கூரைய உள்பக்கமா கொஞ்சம் சுரண்டிடும்மா. யாரு பாக்கப் போறா?" என்றார் கடைக்காரர்.

"கண்ணாடி உக்காரலன்னா மூக்கையா சுரண்டுறோம்?"

கடைக்காரர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நல்லவேளை, எனக்குப் பார்வை சரியா இருக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதை வாங்கிவந்து, எடைக்கட்டியைக் கழற்றி, கூரையில் முட்டாத அளவுக்கு அரத்தால் ராவினாள். கூடு கச்சிதமாக இறங்கியது. கரண்ட் கொடுத்தால், எடை குறைந்துபோனதால் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. நான் டயர் கடையில் வேலை பார்க்கிறேன். கார் சக்கரத்தின் எடையைச் சரிசெய்ய ஒட்டும் ஈயத்துண்டுகளைக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ஒரே எடை வரும்படி தராசில் வைத்து வெட்டிக் கொடுத்தேன். எஞ்சினின் இருபுறத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் அவள் அவற்றை ஒட்டினாள்.

சங்கத்து மேஜையில் அது குகைக்குள் நுழைந்து, பாலத்தைக் கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"சத்தம் வருதுண்ணா" என்றாள்.

"கொஞ்சம்தான்."

"அவர்கிட்ட இல்லன்னேன்."

செயலாளர் மெதுவாகக் கேட்டார்: "இதுக்கும் அவர் பேரையே போட்டுடலாமாம்மா?"

அவள் எஞ்சினைக் கவிழ்த்துத் திருப்புளியை எடுத்தாள். "வேண்டாம் சார். ஓடுதுன்னு சொன்னது நான்தானே. நானே போடுறேன்."

ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல் கீறினாள். பெயருக்குக் கீழே தேதி: 17 நவம்பர் 2019.