அம்மனுக்குச் செய்த பலகை

வாசற்படி வரைக்கும் தண்ணீர். தெருவில் இடுப்பளவு. உள்ளே கட்டிலில், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மூத்த மகள் வசந்தா வலியில் துடிக்கிறாள். 1978 செப்டம்பர் கடைசியில் கல்கத்தா மூழ்கியதே, அந்த மழை. டாக்குரியாவில் எங்கள் தெருவும் ஏரியும் ஒன்றாகிவிட்டன. ஆபீஸ் வேலையாகத் தன்பாத் போன என் வீட்டுக்காரர், ரயில் ஓடாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். டெலிபோன் செத்துக் கிடந்தது. ரிக்‌ஷாக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

பூஜை அலமாரி முன்னால் விழுந்தேன். மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். "சமயபுரத்தாளே, எங்கேயோ தள்ளி வந்துட்டேன்னு கைவிட்டுடாதே. நீயே வந்து என் பொண்ணைக் கரை சேர்த்துடு" என்று கதறினேன். நான் சத்தமாகப் பேசுகிறவள். சாமியிடமும் அப்படித்தான்.

எழுந்து பார்த்தால் இளையவள் லலிதாவைக் காணோம். கல்லூரி முதல் வருஷம் படிக்கிற பெண். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்; தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா இங்க துடிக்கிறா, நீ எங்கடி போற?"

"கிளப்புக்கும்மா! வந்துடறேன்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளப் என்றால் எங்கள் தெருப் பிள்ளைகளின் பூஜா கிளப். வருஷம் முழுக்கக் கேரம்போர்டு, துர்கா பூஜை வந்தால் பந்தல், காது கிழிய ஒலிபெருக்கி. தறுதலைகள் என்றுதான் நான் சொல்லுவேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தறுதலைகள் எட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். தோளில் மூங்கில்கள், அவற்றின்மேல் பெரிய பலகை. பந்தலில் அம்மனை நிறுத்துவதற்காகப் புதிதாகச் செய்த பலகை.

"பயப்படாதீங்க மாஷிமா" என்று என்னைச் சித்தி முறை வைத்து வங்காளத்தில் சொன்னான் கிளப் செக்ரட்டரி தபன். "வருஷா வருஷம் அம்மனை இப்படித்தானே கங்கையில கரைக்கத் தூக்கிட்டுப் போறோம். ஒரு விரல்கூட உடைஞ்சதில்லை."

வசந்தாவை மெத்தையோடு படுக்க வைத்து, வேட்டியால் கட்டினார்கள். லலிதா முன்னால் போனாள். சாக்கடைக் குழி எங்கே திறந்து கிடக்கிறது என்று மூங்கில் கழியால் குத்திப் பார்த்து, "டானே... பாயே... ஆஸ்தே" என்று குரல் கொடுத்தாள். வலது, இடது, மெதுவாக. அம்மன் ஊர்வலத்தில் கிளப் பிள்ளைகள் கொடுக்கிற அதே குரல். நான் வசந்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கடைத்தெருத் திருப்பத்தில் தபனின் கால் எதிலோ மாட்டிக்கொண்டது. பலகை சாய்ந்தது. "அம்மா!" என்று அலறிவிட்டேன். தபன் கழுத்துவரை தண்ணீரில் இறங்கிவிட்டான்; மூங்கிலை மட்டும் தலைக்குமேல் விடாமல் பிடித்திருந்தான். லலிதா கழியை வீசிவிட்டுப் பாய்ந்து தன் தோளைக் கொடுத்தாள். "யாரும் விடாதீங்க! நில்லுங்க! இப்ப ஒண்ணாத் தூக்குங்க!" அவள் சொல்லுக்கு எல்லாரும் நின்றார்கள், தூக்கினார்கள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள் இவள்!

மேட்டுச் சாலையில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளத் தண்ணீர் ஒரு சொட்டு வசந்தாமேல் படவில்லை. சாயங்காலம் பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பிள்ளைகள் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. அதே பலகையோடு ரயில் பாதையோரக் குடிசைகளுக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் வடியும்வரை முடியாதவர்களும் குழந்தைகளும் அதில்தான் கரையேறினார்கள். கரையேறியவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கிச்சடி கொதித்தது. யாருக்கு முதலில் என்று லலிதாதான் தீர்மானித்தாள். நானும் போய்க் கரண்டி பிடித்தேன். கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் "என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டேன்.

வெள்ளம் வடிந்தபோது பலகை ஊறிப் பிளந்திருந்தது. பூஜை நெருங்கிவிட்டது. "அம்மன் எதுமேலடா நிப்பா?" என்று தபனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். எங்கள் கொலுப்படிகளைக் கழற்றி எடுத்துப் போகச் சொன்னேன். என் கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்த தேக்குப் பலகைகள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் கொலு இல்லை.

அஷ்டமியன்று போய்ப் பார்த்தேன். என் படிகள்மேல் அம்மன் நிற்கிறாள். பக்கத்தில் ஒலிபெருக்கி காதைக் கிழிக்கிறது. எனக்கு இனித்தது. நீயே வா என்று கேட்டேனே, எட்டுப் பேரின் தோளாகவும் என் மகளின் குரலாகவும் வந்துவிட்டாளே!

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, மனசுவிட்டுக் கூப்பிடுங்கள். வருவாள். எந்த முகத்தோடு வர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போடாதீர்கள்.

சமயபுரம் போய் முடிந்த காசைச் செலுத்திவிட்டோம். கொலுப்படிகளை நான் திருப்பி வாங்கவில்லை. பேத்திக்குத் துர்கா என்று பேர். இப்போதெல்லாம் கங்கைக்குப் போகிற ஊர்வலத்தில் கழியோடு முன்னால் நடப்பது எங்கள் லலிதாதான். "டானே" என்று அவள் சொன்னால், அம்மனே திரும்புகிறாள்.