மூன்று விரல் உப்பு

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சுக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவன் நான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் தினமும் என் கையில் வந்து போகும். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். நான் ஒரு புத்தகம் செய்வேன் என்று நினைத்ததே இல்லை. ஆனால் செய்தேன். உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கான சமையல் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டது. அந்தப் புத்தகத்தில் உப்பு எப்படி வந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். சந்தோஷமான கதை இல்லை. ஆனாலும் உங்களுக்குச் சொல்லலாம் என்றுதான் தோன்றுகிறது.

கடலோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை செய்யும் டீச்சர் ஒருவர் கடைக்கு வந்தார். என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று விளக்கினார்.

"தூக்கிப் போடுற தோல், தண்டு, கீரைக் காம்பு, ஓட்டல்காரங்க வாங்காத மீன், இத வெச்சுச் சமைக்கணும் சார். பக்கத்துல வெளயறதா இருக்கணும். நாம சாப்பிட்ட பிறகு நாளைக்கும் அது மண்ணுலயும் கடல்லயும் மிச்சம் இருக்கணும்."

"அது எங்க வூட்டுச் சாப்பாடுதாங்க மேடம்," என்றேன்.

"அப்ப உங்க வீட்லயே செஞ்சு காட்டுங்க," என்று சிரித்தார்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மனைவிக்குப் படாளம் பக்கம். கோடையில் அவள் வீட்டு நிலத்தில் தர்பூசணிதான் போடுவார்கள். சிவப்பைத் தின்றுவிட்டு, பச்சைத் தோலுக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கும் வெள்ளையை நறுக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வைப்பாள். எனக்குச் சொந்த ஊர் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கே மீன் விற்கிற என் அக்கா, ஏலத்தில் பெரிய வியாபாரிகள் ஒதுக்கிவிடுகிற கவளை மீனைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவாள். முள் அதிகம்; ருசியும் அதிகம்.

ஒன்றுதான் சரியில்லை. அப்போது என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். தலைமுடி கொட்டிவிட்டது. புத்தகத்தைப் பற்றித் தயங்கித் தயங்கித்தான் அவளிடம் சொன்னேன்.

"செய்றேன். சும்மா படுத்துகினு இருந்தா சுத்துற ஃபேனத்தான் பாத்துகினு கெடக்கணும்," என்றாள்.

நாலாவது படிக்கும் எங்கள் மகள் மெழுகுக் கலரில் படம் வரைவாள். நான் அதைக் கடையில் ஸ்கேன் செய்து, வலது பக்கம் படம், இடது பக்கம் செய்முறை என்று வைப்பேன். தர்பூசணியின் பச்சை மட்டும் எனக்குப் பிடிகொடுக்கவில்லை. திரையில் பளபளவென்று இருக்கும். காகிதத்தில் எடுத்தால் குளத்துப் பாசி மாதிரி விழும்.

அளவு சொல்வதில்தான் சிக்கல் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஸ்பூன் ஒவ்வொரு மாதிரி. என் மனைவியோ ஸ்பூனைத் தொட்டதே இல்லை. எல்லாம் கைதான். அதனால் அந்தக் கையையே வரைந்துவிடலாம் என்று மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம். உள்ளங்கையில் பருப்பு. இரண்டு விரல் நுனியில் மஞ்சள். மூன்று விரலால் அள்ளிய கல்லுப்பு. அவள் அள்ளி, கையை அந்தரத்தில் அப்படியே பிடிப்பாள். மகள் அடுப்படித் தரையில் குப்புறப் படுத்து வரைவாள்.

"சீக்கிரம்டீ, கை மரத்துப் போவுது."

"ஆடாதம்மா. உப்பு கொட்டுது பாரு."

"கொட்டுறதயும் சேத்து வரை. உங்கப்பன் கூட்டிக்குவாரு."

எங்கள் வீட்டில் அந்த நாட்களில் கேட்ட சிரிப்பெல்லாம் அடுப்படியில் கேட்டதுதான்.

மருந்து ஏற ஏற அவளுக்கு நாக்கு மாறிப்போனது. சிலருக்கு ருசி போகும், அப்புறம் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். "வாயில ஆணியப் போட்டு வெச்சா மாதிரி கீது," என்று அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் சமையலும் அந்த நாக்கை நம்பித்தான் நடக்கிறது என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு நாள் அக்கா கொண்டுவந்த கவளையில் என் மனைவி குழம்பு வைத்திருந்தாள். முதல் வாயிலேயே உப்பு கரித்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். மகள் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிசைந்துகொண்டாள்.

அக்காவும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். என் கல்யாணப் பந்தியிலேயே, "இது இன்னா சாம்பாரா, குளத்துத் தண்ணியா?" என்று பெண் வீட்டார் காதில் விழும்படி கேட்டவள். அவள் ஒரு கவளம் வாயில் வைத்தாள். மெல்லுவது கொஞ்சம் நின்றது. தண்ணீர் குடித்தாள்.

"இன்னா பொண்ணே, கொழம்பு ஷோக்கா கீது. இன்னொரு கரண்டி ஊத்து."

என் மனைவிக்கு முகம் மலர்ந்துபோனது. "அண்ணி வாயால இத கேட்டுட்டேன், போதும்," என்றாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "புள்ளய நெறைய தண்ணி குடிக்கச் சொல்லு," என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டாள்.

அப்படியே நாட்கள் போயின. இப்படி நடந்துகொள்வோம் என்று நாங்கள் கூடிப் பேசவில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகத் தோன்றியது அது. என் மனைவிக்கு ருசி தெரியாமல் போகப் போக, அள்ளுகிற உப்பு கூடிக்கொண்டே வந்தது. மகள் கண்ணால் பார்த்ததைத்தானே வரைவாள்? படத்திலும் கூடியது. மூன்று விரலில் ஆரம்பித்த உப்பு, கூட்டுப் பக்கத்துக்கு வரும்போது ஐந்து விரலையும் நிரப்பிக்கொண்டு வெள்ளைக் குவியலாக நின்றது. கடையில் அந்தப் படத்தைச் சுருக்கிப் பார்த்தேன். உப்போடு சேர்ந்து கையும் சுருங்கியது. அளவு அதேதான்.

அந்தச் சமயம் டீச்சர், புத்தகத்தின் பின்னட்டைக்குக் குடும்பமாக ஒரு போட்டோ கேட்டிருந்தார். என் மனைவி தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் போனைத் தூக்கியதும் அவள் சொன்னாள்:

"யோவ், இத்த புக்குல போட்டுக்கோ. உங்க கடைல எனக்கு போஸ்டர் அடிப்பே பாரு, அதுக்கு மட்டும் கல்யாணத்துல எடுத்தது கீது, அத்த போடு."

மகள் பக்கத்தில் இருந்தாள். நான் சிரிக்க முயற்சி செய்தேன். போட்டோவில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்க்கிறோம்.

அச்சுக்குப் போகும் முன்னால், பிள்ளைகளே படத்தைப் பார்த்துச் சமைக்கமுடிகிறதா என்று பார்க்க டீச்சர் தன் பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை ஏற்பாடு செய்தார். நானும் வருவேன் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே கடல். ஹாலில் அடுப்பை டீச்சர் பார்த்துக்கொள்ள, பிள்ளைகள் கும்பலாக நின்று தர்பூசணித் தோல் கூட்டு செய்தார்கள். பச்சையைச் சீவினார்கள், வெள்ளையை நறுக்கினார்கள். படத்தில் இருக்கும் கையின் மேல் தங்கள் கையை வைத்துப் பார்த்துப் பார்த்துப் பருப்பு அள்ளினார்கள். என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அந்த வருடத்தில் பார்த்ததில்லை.

உப்பு போட வந்தவள் ஒரு சின்னப் பெண். படத்தையும் தன் விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "என் கை பத்தல டீச்சர்," என்று இன்னொரு தரம் அள்ளிப் போட்டாள். நான் எழுந்து போய்த் தடுத்திருக்கலாம்தான். மனைவி பக்கத்தில் இருந்தாள்.

தட்டில் போட்டுக் கொடுத்ததும் முதல் பையன் ஜன்னல் பக்கம் ஓடித் துப்பினான்.

"டீச்சர், கடல் தண்ணி!"

"இன்னாடா, தர்பீஸ கடல்ல பயிர் வெச்சாங்களா?" என்று இன்னொருவன் கேட்க, ஹாலே சிரித்தது.

"சின்னக் கைதானே, அளவு தப்பியிருக்கும்," என்று டீச்சர் அவசரமாகச் சொன்னார்.

என் மனைவி ஒரு தட்டை வாங்கி ஒரு வாய் போட்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு தட்டை மகளிடம் நீட்டினாள்.

"நீ துன்னு பாத்து சொல்லு."

மகள் தின்றாள். என்னைப் பார்த்தாள். விழுங்கினாள்.

"நல்லா கீதும்மா."

உப்பு போட்ட சின்னப் பெண் சத்தமாகச் சொன்னாள்: "பொய் சொல்றா!"

அவ்வளவுதான். அதற்கு மேல் அங்கே யாரும் எதையும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். திருக்கழுக்குன்றம் மலை தெரிந்து மறைந்தது. மகள் என் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"உங்க அக்காவுமா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆமா."

"அந்த வாயாலயா?"

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அடுப்படிப் பக்கமே அவள் போகவில்லை. நான் ஏதோ பொங்கினேன், ஓட்டலில் வாங்கினேன். படாளத்திலிருந்து வந்த தர்பூசணி மூலையில் கிடந்தது. டீச்சர் போன் செய்தபோது, "கொஞ்சம் பொறுங்க மேடம்," என்றேன். புத்தகம் பாதியில் நின்றதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், அதுதான் தாங்கவில்லை.

"உப்புதானே, விடேன்," என்றேன் ஒரு நாள்.

எழுந்து உட்கார்ந்தாள்.

"உப்பு இல்லய்யா. என்னிக்காச்சும் உப்பு கம்மி, காரம் ஜாஸ்தின்னு நீ கத்தாம இருந்துகீறியா? உசுரோட கீறவகிட்டதான் கத்துவாங்க. நான் போயிடுவேன்னு முடிவு கட்டிட்டீங்க. அதான் மூணு பேரும் வாயத் தொறக்கல."

அவள் சொன்னது உண்மையா என்று இப்போதும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உப்புச் சாடியையும் வரைகிற அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம்மா, கையக் காட்டு. உப்பெல்லாம் திரும்ப வரையணும்."

"என் கை ஏமாத்தும்டீ."

"அப்ப நான் அள்ளறேன். நீ சமை. நான் துன்னு பாத்து சொல்றேன்."

"நீதான் பொய் சொல்லுவியே."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சாடி மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

என் மனைவி காலைத் தரையில் ஊன்றினாள். "இனிமே நான் எது கேட்டாலும் நெசத்தத்தான் சொல்லணும். எதுன்னாலும். உங்கப்பன் மூஞ்சியப் பாக்கக் கூடாது. சரியா?"

"சரிம்மா."

மூலையில் கிடந்த தர்பூசணியை அறுத்தோம். ஒரு பக்கம் கெட்டிருந்தது. மிச்சத்தில் கூட்டு வைத்தாள். மகள் பக்கத்தில் நின்று உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தாள்.

"இன்னா?"

"சப்புனு கீது."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"போதும்."

என் மனைவி தானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

அதனால்தான் அந்தப் புத்தகத்தில் இரண்டு விதமான கை இருக்கிறது. பருப்பு, மஞ்சள், மிளகாய் எல்லாம் பெரிய கை. உப்பு மட்டும் சின்னக் கை. மகள் இடது கையில் உப்பை அள்ளிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். உங்கள் கையும் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். அச்சாகி வந்த புத்தகத்தில் தர்பூசணிப் பச்சை பாசியாகத்தான் விழுந்திருக்கிறது. என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

ருசி இன்னும் திரும்பவில்லை. மருந்தும் முடியவில்லை. போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, அவள் கண்ணாடி முன்னால் நின்று ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள்ளிருந்தே மகளைக் கேட்டாள்:

"எப்டிடீ கீறேன்?"

மகள் என் பக்கம் திரும்பப் போனாள். பாதியில் நின்று, அம்மா பக்கமே திரும்பிக்கொண்டாள்.

"ரொம்ப மெலிஞ்சி பூட்டம்மா."

நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆங்," என்றாள் என் மனைவி. முடிச்சை இறுக்கினாள். கண்ணாடியில் தன்னை இன்னொரு முறை, மகள் சொன்னது சரிதானா என்று பார்ப்பது போலப் பார்த்தாள். "அப்டி சொல்லு."

பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வண்டியை எடுக்கச் சொன்னாள்.