விமானத்துக்குக் கேட்ட வெள்ளிப் பொடி

இரண்டாம் உலகப்போர் விமானம் ஒன்றின் பிளாஸ்டிக் மாடலை நான்கு மாதம் உட்கார்ந்து ஒட்டி முடித்திருந்தேன். இறக்கைக்கு அசல் உலோகப் பளபளப்பு வேண்டுமென்று, ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் மைத்துனனிடம் அலுமினியப் பொடி கேட்டேன். மறுநாளே ஒரு பொட்டலம் தந்துவிட்டுப் போனான். துணியில் தொட்டு இறக்கையில் தேய்க்கப் போகையில் போன் வந்தது.

“அத்தான், அதத் தொடாதீக! வெடிமருந்து கலந்ததை மாத்திக் கட்டிட்டேன். தேய்ச்சா பத்திக்கிடும்!”

அவனே ஓடிவந்து, பொட்டலத்தைத் தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்தினான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ஆலை வேனில் இருபது பேர் நடுவே அவன் உட்கார்ந்து வந்திருக்கிறான். நான் கேட்டதற்காக.

இப்போது பெயிண்டைக் கடையில்தான் வாங்குகிறேன். அந்த விமானத்தை மட்டும் எதுவும் பூசாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.