பந்தலுக்குள் நுழைந்த கழுதை

எங்கள் திராட்சைப் பந்தல் என் உயரத்துக்குப் போட்டது. பழம் பறிப்பவள் நான் என்பதால், கல்தூண் நடுகிற அன்று என் வீட்டுக்காரர் என்னைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தி, "கையத் தூக்கு புள்ள" என்றார். தூக்கினேன். விரல் நுனிக்கு ஒரு சாண் கீழே கம்பி கட்டச் சொல்லிவிட்டார். அந்தப் பந்தலுக்குள் நான் நிமிர்ந்து நடப்பேன். அவர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி குனிந்தே வருவார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தருமபுரிக்குக் கிழக்கே எங்கள் காடு. கொடி படர்ந்த முதல் மழையிலேயே அடியில் கோரை மண்டிவிட்டது. கொத்தி எடுத்தால் பத்து நாளில் பழையபடி நிற்கும். கையால் கொத்தி மாளாது என்று என் வீட்டுக்காரர் எருதுகளைப் பூட்டி, அடியில் குறுக்கே இரும்புப் பட்டை வைத்த பலுகுக் கருவியை உள்ளே ஓட்டினார். நான்காவது தூணைத் தாண்டுவதற்குள் வலத்து எருதின் கொம்பு கம்பியில் மாட்டிக்கொண்டது. அது தலையை உதற, இரண்டு கொடிகள் அறுந்து அதன் முதுகில் விழுந்தன. இடத்து எருது திரும்பிப் பார்த்து, தழைகளை நிதானமாகத் தின்னத் தொடங்கியது.

"உசரமாக் கட்டியிருக்கலாம்" என்றார்.

"கையத் தூக்கச் சொன்னது யாருங்க?" என்றேன். அவர் எருதை அவிழ்ப்பதில் மும்முரமானார்.

சொல்லி அனுப்பியதில் விவசாய இலாகா மேஸ்திரி ஒருவர் வந்தார். சைக்கிளில் கட்டி ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் ஒரு கத்தி, தள்ளுவதற்கு இரண்டு நீளக் கைப்பிடிகள். வெளியே மணல் தரையில் அது வெண்ணெயில் கத்தி போலப் போயிற்று. பந்தலுக்குள் போனதும் மேஸ்திரியின் தொப்பி கம்பியில் தங்கிவிட்டது, அவர் மட்டும் முன்னே போனார். கருவியை என்னிடம் கொடுத்தார். எனக்கு உயரம் சரி, ஆனால் கோரைக் கிழங்கில் கத்தி இறங்கியதும் கருவி நகரவில்லை. நான் தள்ள, என் கால்கள்தான் பின்னால் போயின.

"முன்னால ஒருத்தர் கயிறு கட்டி இழுத்தா நல்லாப் போகும்" என்றார் மேஸ்திரி.

என் வீட்டுக்காரர் குனிந்தபடி இழுத்துப் பார்த்தார். ஒரு வரிசை முடிந்ததும் வரப்பில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கு எருதே தேவல" என்றார்.

அந்த வாரம் வத்தல்மலையிலிருந்து சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு மலைக்காரர் கழுதையோடு எங்கள் கிணற்றில் தண்ணீர் காட்ட வந்தார். கழுதை தண்ணீர் குடித்துவிட்டு, நிழல் தேடித் தானாகப் பந்தலுக்குள் போய் நின்றது. காதை நிமிர்த்தி நின்றும் கம்பிக்கு எட்டவில்லை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"வேணாம் புள்ள. ஊரு சிரிக்கும்" என்றார்.

"நீங்க இழுத்தப்பவே சிரிச்சுட்டாங்க" என்றேன்.

மலைக்காரர் இரண்டு நாள் இருந்து ஓட்டித் தர ஒப்புக்கொண்டார். நுகம் கழுதைக்குப் பொருந்தாது என்று சாக்கில் வைக்கோல் திணித்துக் கழுத்துப்பட்டை தைத்தேன். மேஸ்திரி விட்டுப்போயிருந்த சக்கரக் கருவியைக் கயிற்றால் அதில் பிணைத்து, நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். மலைக்காரர் முன்னால் நடக்க, கழுதை நடந்தது. கோரை கிழங்கோடு புரண்டு விழுந்தது. ஆறு வரிசை முடிந்தபோது எனக்குப் பாடவேண்டும் போல இருந்தது.

ஏழாவது வரிசையில் என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்துவிட்டார். கழுதை உழுத மண் விளங்காது என்று நம்புகிறவர்.

"நம்ம வூட்டு நெலத்துல கழுதையா?" என்றார், தம்பியைப் பார்த்து. தம்பி என்னைப் பார்த்தார்.

"ஏர் பூட்டலைங்க மாமா. களைதான் எடுக்கறோம்" என்றேன்.

அவர் யோசித்தார். அந்த நேரம் பார்த்துக் கழுதை கயிற்றோடு படுத்து, கொத்திய புது மண்ணில் நான்கு காலையும் தூக்கி ஒரு புரளு புரண்டது. எழுந்து உடம்பை உதறியதில் அவருடைய வெள்ளை வேட்டி செம்மண் ஆகிவிட்டது. வேட்டியைத் தட்டிக்கொண்டே திரும்பிப் போனார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மாதக் கடைசியில் மேஸ்திரி மறுபடி வந்தார். சுத்தமான தரையைக் கண்டு சந்தோஷப்பட்டு, எந்தக் கால்நடை இழுத்தது என்று கேட்டார். சொன்னோம். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். பிறகு தன் நோட்டில் 'சிறிய கால்நடை' என்று எழுதி, "கேட்டா அதத்தான் சொல்லணும்" என்றார்.

அதன்பின் வருஷத்துக்கு இரண்டு முறை கழுதை வந்தது. நடுவில் முளைப்பதை நான் கைக்கொத்தால் எடுத்தேன். அடுத்த ஆடியில் அண்ணன் எங்கள் வாசலுக்கு வந்து, தன் புடலைப் பந்தலும் தாழ்வாகத்தான் அமைந்துவிட்டது என்றார். மலைக்காரர் எப்போது இறங்குவார் என்று, திண்ணைத் தூணைப் பார்த்தபடியே கேட்டார். வெள்ளிக்கிழமை என்று சொன்னேன்.