மாப்பிள்ளை பிரித்துத் தைத்த கம்பளம்

என் கல்யாணத்துக்கு அப்பா வாசலில் கம்பளம் விரித்தார். ஹட்டன் கடைத்தெருவில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. தேயிலை விலை விழுந்து, தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் சிலர் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். இறம்பொடைப் பக்கம் ஒரு பங்களா ஏலத்துக்குப் போன அப்பா, சிவப்பில் மஞ்சள் பூப்போட்ட கம்பளப் பட்டைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏதோ ஓர் அறைக்காகத் தைத்து, பிறகு பிரித்துச் சுருட்டியவை. ஒவ்வொரு பட்டையும் முக்கால் கஜ அகலம்தான். இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்தால் தெருவிலிருந்து மணவறை வரைக்கும் எட்டும் என்று அப்பா கணக்குப் போட்டார்.

எங்கள் துணிக்கடையில் ஒரு தையல்காரர் இருந்தார். சட்டை தைப்பவர். கம்பளத்தை அவர் கண்டது அன்றுதான். ஒரு பட்டையின் ஓரத்தை இன்னொன்றின் மேல் ஏற்றி வைத்து, மெஷினில் கொடுத்து ஓட்டினார். ஊசிகள் ஒடிந்தன. "எப்படியாச்சும் முடிச்சிடுய்யா, நாளைக்கு முகூர்த்தம்" என்று அப்பா பக்கத்திலேயே நின்றார். சட்டைக்குப் போடும் நூலாலேயே தையல் முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் நுவரெலியாவிலிருந்து வந்து இறங்கியபோது நான் மாடி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை முதலில் இறங்கினார். கம்பளத்தின் ஓரத்தில் ஒரு கணம் நின்று கீழே பார்த்தார். பிறகு நடந்து உள்ளே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அவருடைய அம்மா, என் மாமியார், சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி வழியில் தையல் விட்டு வாய் பிளந்திருந்த இடத்தில் அவர் கால் மெட்டி மாட்டிக்கொண்டது. தட்டோடு விழுந்தார். தேங்காய் தெருவில் உருண்டது, குங்குமம் கம்பளமெங்கும் கொட்டியது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்தார். கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. சகுனம் சரியில்லை என்று யாரோ முணுமுணுத்தது மாடி வரை கேட்டது. அப்பா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. தாலி ஏறும்போதுகூட எனக்கு நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

புகுந்த வீட்டில் மாமியார் வெகு நாள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கும் ஓசை கேட்டாலே எனக்கு உடம்பு குறுகும். அப்பா எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அம்மாவை மட்டும் பலகாரத்தோடு அனுப்பினார்.

இதற்கு நடுவே எனக்கு இன்னொன்று தெரியவந்தது. கல்யாணத் தரகர் என் கணவரைப் பற்றிச் சொன்னது, "வெள்ளைக்காரக் கம்பெனியில உத்தியோகம்" என்று. அப்பாவும் கடைத்தெரு முழுக்க அப்படியே சொல்லியிருந்தார். ஆனால் என் கணவரின் முழங்கால்கள் இரண்டும் காய்த்துப்போயிருந்தன. ஓட்டல்களிலும் பங்களாக்களிலும் மண்டியிட்டுக் கம்பளம் தைத்து விரிப்பதுதான் அவர் வேலை. அவர் அதை என்னிடம் மறைக்கவில்லை. நான்தான் அதை என் பிறந்த வீட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா வந்து கேட்டபோதெல்லாம் "கம்பெனிக்குப் போயிருக்காரும்மா" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

தலைதீபாவளிக்கு ஹட்டனுக்குப் போனோம். பெட்டியைத் திறந்து அவருடைய பட்டு வேட்டியை எடுத்தபோது, அடியில் ஒரு துணி முடிச்சு இருந்தது. குதிரைச் சேணம் தைக்கிற மாதிரித் தடித்த நூல், ஒரு கட்டி தேன்மெழுகு, வளைந்த ஊசிகள். என் வீட்டு மானக்கேட்டை ஒட்டுப்போட ஊசி நூலோடு கிளம்பி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். காதெல்லாம் எரிந்தது.

"ஏங்க, இதெல்லாம் எதுக்கு? வேண்டாங்க" என்றேன்.

"சும்மா இரு" என்றார்.

எண்ணெய்க் குளியல், புதுத்துணி, சாப்பாடு எல்லாம் முடிந்ததும் அவர் அப்பாவிடம் கேட்டார். "மாமா, அந்தக் கம்பளம் எங்க இருக்கு?"

அப்பாவின் முகம் சட்டென்று வாடிப்போனது. "அது எதுக்குங்க மாப்பிள்ளை? எலி கடிச்சுப் போட்டிருக்கும்."

கடைக்குப் பின்னால் காலிச் சாக்குகளுக்கு அடியில் அப்பா அதை ஒளித்து வைத்திருந்தார். என் கணவரே போய் இழுத்தெடுத்துத் தோளில் போட்டு மாடிக்குக் கொண்டுவந்தார். "நல்ல நாளும் அதுவுமா வேலை செய்யாதீங்க மாப்பிள்ளை, ஆள் வச்சுப் பார்த்துக்கிறேன்" என்று அப்பா பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தார். புதுமாப்பிள்ளையை மாமனார் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர்கூடத் தானே மொண்டு குடிக்க விடமாட்டார்கள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டார். பழைய தையலை முழுக்கப் பிரித்தார். பிறகு ஒவ்வொரு பட்டையின் மேலும் உள்ளங்கையை ஓட்டினார். ஒரு பக்கமாகத் தடவினால் மயிர் பூனை முதுகு மாதிரி படிந்தது, எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்த்தது. தையல்காரர் ஒரு பட்டையைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தார். அதனால்தான் கல்யாணத்தன்று கம்பளத்தில் ஒரு பாதி மட்டும் கறுத்துத் தெரிந்திருக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் படியும்படி திருப்பி வைத்தார். பூவுக்குப் பூ நேராக நிறுத்திக் குறுக்கே ஊசி குத்தினார். நூல் பிரிந்திருந்த ஓரங்களைப் பசை தடவி அடக்கி, அது காயும்வரை காத்திருந்தார்.

"ஓரத்த ஓரத்தோட முட்ட வை. மேல ஏத்தாத" என்று என்னைப் பிடிக்கச் சொன்னார்.

கம்பளத்தைக் குப்புறப் போட்டிருந்தோம். நூலை மெழுகில் இழுத்து இழுத்து எடுத்து, அடிப்பக்கமாகவே இரண்டு ஓரங்களையும் பின்னிக்கொண்டு போனார். மயிர் தையலுக்குள் சிக்கிக்கொள்ளாதபடி அவ்வப்போது கையை அடியில் விட்டு ஊசி முனையால் தள்ளிவிட்டார். நூலை ரொம்ப இறுக்கவும் இல்லை. இறுக்கினால் கம்பளம் சுருங்கிக்கொள்ளும் என்றார்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் பலகாரத் தட்டோடு மாடியேறி வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன முதலாளி, தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு வேலை போட்டுக் குடுத்துட்டீங்க?"

என் கணவர் நிமிர்ந்து சிரித்தார். "எனக்கு இதுதாங்க வேலை. நுவரெலியா ஓட்டல்ல, பங்களாவுல எல்லாம் நான்தான் விரிக்கிறேன்."

தரை பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அதுவரை அவர் முன்னால் என் அப்பாவை நினைத்து வெட்கப்பட்டவள், இப்போது ஊர் முன்னால் என் கணவரையே நினைத்து வெட்கப்பட்டேன். பிடித்திருந்த ஓரத்தை விட்டுவிட்டேன். பாத்திரக் கடைக்காரர் தட்டை வைத்துவிட்டு அவசரமாக இறங்கிப் போனார். மாலைக்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

நான் தலையாட்டினேன்.

"இதே தொழில்ல இருக்கிறவர் நடக்கவா நான் இத விரிச்சேன்?" என்று அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் ஊசியைக் கம்பளத்தில் குத்தி வைத்தார். அவருடைய குரல் இறங்கியிருந்தது. "மாமா, கார்ல இருந்து இறங்கினப்பவே நான் தையலப் பார்த்துட்டேன். நிக்காதுன்னு தெரியும். அம்மாகிட்ட பார்த்து வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்னு இங்க இருக்கிறவங்க கேப்பாங்க, உத்தியோகம்னு தரகர் சொன்னது வெளிய வந்துடும்னு வாய மூடிக்கிட்டேன். அம்மா விழுந்தது என்னாலதான். அன்னிக்கு ராத்திரியே அம்மாகிட்ட சொல்லிட்டேன். போய் மாமாகிட்டயும் சொல்லிட்டு வான்னு அவங்கதான் அனுப்பினாங்க."

வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. மாமியாரின் மௌனத்தை எனக்கெதிரான கோபம் என்று நான் மாதக்கணக்கில் நினைத்திருந்தேன். அவர் தன் மகனையல்லவா நொந்துகொண்டிருந்திருக்கிறார்!

அப்பா எழுந்தார். மேல்துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, கால் மடங்காமல் சிரமப்பட்டு என் கணவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் விட்டுவிட்ட ஓரத்தை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி வச்சாப் போதுமா, மாப்பிள்ளை?"

"இன்னும் கொஞ்சம் முட்ட வைங்க, மாமா."

தைத்து முடித்ததும், ஈரத்துணி போட்டு அடிப்பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினார்கள். திருப்பிப் போட்டுச் சீப்பால் வாரினார்கள். குங்குமக் கறை மட்டும் போகவில்லை. தையல் எங்கே என்று எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். அப்பா அதைக் கூடத்தில் விரிக்கச் சம்மதித்தார். ஆனால் நாங்கள் கிளம்பும்வரை அதை மிதிக்காமல் சுற்றியே நடந்தார்.

திரும்பும்போது ரயிலில் எதிரே ஒரு வியாபாரிக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் என் புதுத்தாலியைப் பார்த்துவிட்டு விசாரித்தார். "வீட்டுக்காரரு என்ன பண்றாரும்மா?"

இவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நூல் அறுத்த விரல்களை மடக்கி வைத்திருந்தார்.

"கம்பெனியில..." என்று ஆரம்பித்தேன். பிறகு, "கம்பளம் தைச்சு விரிக்கிற வேலைங்க" என்றேன்.

சொல்லும்போதே முகம் சுட்டது. அந்த அம்மாள் "அப்படியா" என்று சொல்லி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். நாங்கள் இறங்கவேண்டிய நானுஓயா வரும்வரை நான் தலை நிமிரவில்லை. இவரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் இறங்கும்போது, கூட்டத்தில் எப்போதும் முன்னால் நடந்து போகிறவர், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நான் இறங்கும்வரை நின்றார்.