விண்கப்பலில் சோறு ஆக்கியவள்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஈப்போவில் ஒரு மாடிக்கடை அச்சகத்தில் எட்டு வருஷம் வேலை செய்தபோது, முதலாளி தும்மினால்கூட என்ன தப்பு செய்தேனோ என்று யோசிப்பேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு வெளிநாட்டு டிவி கார்ட்டூனைத் தமிழில் படக்கதையாகப் போட உரிமம் வாங்கினார். விண்கப்பலில் ஏழு வீரர்கள் பறந்து பறந்து சண்டை போடும் கதை. ஆங்கிலத்தில் அச்சான பக்கங்கள் வரும். வீரர்கள் பேசுவதாகப் போட்டிருக்கும் பலூனுக்குள் இருப்பதை வெள்ளை மையால் அழித்துவிட்டுத் தமிழை எழுதுவது என் வேலை. 'நோ' என்பதற்கு மட்டும் இடமுள்ள பலூனில் 'முடியவே முடியாது' என்பதை எப்படி உட்கார வைப்பது? என் வீரர்கள் எல்லாரும் வாயைத் திறக்கவே கஞ்சத்தனம் பிடித்தவர்கள் ஆனார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்தப் புத்தகத்தோடு தஞ்சோங் ரம்புத்தானுக்கு பஸ் ஏறுவேன். அங்கே மனநல ஆஸ்பத்திரியில் என் தங்கை இருந்தாள். நோய் வருவதற்கு முன்னால் கோலா கங்சார் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில், பால்மரம் சீவப் போனவர்களின் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவள். ஒருமுறை புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க்கா, இத்தன பேரு வானத்துல பறக்குறானுங்களே, சோறு யாரு ஆக்குறா?"

சிரித்துவிட்டு வந்தேன். அந்த மாதம் பக்கங்கள் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. "எதையாவது வரைஞ்சு நெரப்பு லா," என்றார் முதலாளி. நாலு பக்கத்தில் ஒரு சமையல்காரியை விண்கப்பலில் ஏற்றிவிட்டேன். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரண்டியோடு வந்து, "தட்டக் கழுவாம சண்டைக்குப் போனீங்க, கால ஒடிச்சிருவேன்" என்று ஏழு வீரர்களையும் அதட்டுபவள்.

வாசகர் கடிதங்கள் குவிந்தன. வீரர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதன்பிறகு ஒவ்வோர் இதழிலும் அவளுக்கு நாலு பக்கம். ஆயாக் கொட்டகைக் கதைகளைத் தங்கை சொல்லச் சொல்ல பஸ் டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டு வந்து வரைவேன். "அவளுக்கு அப்பறம் என்ன ஆச்சு?" என்பதுதான் என்னைப் பார்த்ததும் தங்கை கேட்கும் முதல் கேள்வி. அடுத்த புத்தகம் வருகிறது என்று சொன்னால் மருந்தை அடம்பிடிக்காமல் விழுங்குகிறாள் என்று தாதி சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து, உரிமம் கொடுத்த கார்ட்டூன் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு டைப் அடித்த கடிதம் என்றால் ஒன்று வேலை போச்சு, இல்லை வீடு போச்சு. இதில் போனது சமையல்காரி. உரிமத்தின் கீழ் உருவான எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம், மூலப் படங்களை அனுப்ப வேண்டும், இனி எங்கள் இஷ்டத்துக்கு அவளை வரையக் கூடாது. தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பது? அவள் மருந்தைத் துப்பிவிட்டால்?

முதலாளி தனக்குத் தெரிந்த ஒரு யாழ்ப்பாணத்து வக்கீலிடம் அழைத்துப் போனார். என் கையில் பலமான சாட்சி இருப்பதாக நம்பித்தான் போனேன். கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சமே தெரியாதபடி 'உபயம்' என்று பெயர் எழுதி வைக்கிற ஜனங்கள் நாங்கள். நானும் சமையல்காரி வரும் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒவ்வொரு மாதமும் 'உபயம்' என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தேன்.

வக்கீல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பிள்ளை, கோயிலுக்கு லைட் உபயம் செய்தவர் பிறகு வந்து கழட்டிக்கொண்டு போவாரோ?"

"மாட்டாரு..."

"குடுத்தாச்செண்டு உங்கட கையாலேயே எழுதியிருக்கிறியள். அது இல்லாட்டியும் இந்த ஒப்பந்தத்துக்கு ஒண்டும் செய்யேலாது. அவையின்ர கப்பலுக்குள்ள ஏத்தினதெல்லாம் அவையின்ரதான்."

"போனா போவுது லா, தங்கச்சி," என்றார் முதலாளி, படியிறங்கும்போது. அவருக்கு ஏழு வீரர்கள் மிச்சம் இருந்தார்கள்.

சனிக்கிழமை எல்லாப் பக்கங்களையும் கட்டி அனுப்பினேன். மறுநாள் பஸ்ஸில் வழியெல்லாம் பொய் யோசித்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, லீவில் போயிருக்கிறாள், வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். தங்கை ஓடிவந்து முகத்தைப் பார்த்ததும் ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

"இனிமே அவள வரைய முடியாதுடி. கம்பெனிக்காரன் எடுத்துக்கிட்டான். நான் செஞ்சது, என் கையில இருந்து புடுங்கிக்கிட்டான்."

அழப்போகிறாள் என்று நினைத்து, தாதி எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டேன். அவள் அழவில்லை.

"நீ செஞ்சதா?"

"ஆமா."

"கொட்டாயில புள்ளைங்கள அப்படி அதட்டுனது யாருக்கா? நான்தான?"

கையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் போட்டேன்.

"அவனாச்சும் ஒனக்கு ஒரு கடுதாசி போட்டான். நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் என் பெயரைப் போட்டு, அவளிடமே கொண்டுவந்து காட்டியிருக்கிறேன். அவள் பெயரையும் எழுத வேண்டும் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. இப்போது எழுதலாம் என்றால் என்னிடம் ஒரு பக்கமும் இல்லை.